அசையாதே

ஒன்பது நாள் மழை விட்ட மறுநாள்
மிச்சப் பெட்டிகளை எடுத்துப்போக வந்திருந்தேன்.
விவாகரத்துத் தாள்கள் காரில்.
லாக்லன் கொல்லைப்புறத்தில்
ரப்பர் பூட்ஸுக்குள் கைவிட்டுச்
சேறு வழித்துக்கொண்டிருந்தான்.

கத்தவில்லை.
உதறினான். மறுபடி உதறினான்.
விடவில்லை அது,
சுட்டுவிரலைக் கவ்வித் தொங்கியது,
கறுத்து, எண்ணெய் பூசியதுபோல் மினுங்கி.
புனல்வலைச் சிலந்தி.
மாங்ரோவ் மலையில் இதற்கு அறிமுகம் தேவையில்லை.

கழுவாதீர்கள், கீறாதீர்கள்,
கயிறு போட்டு இறுக்காதீர்கள் என்றது தொலைபேசி.
விரல் நுனியிலிருந்து அக்குள் வரை சுற்றுங்கள்.
சுளுக்குக்குக் கட்டும் இறுக்கம்,
ரத்தம் ஓட வேண்டும், விஷம் ஓடக் கூடாது.

வீட்டிலிருந்த கட்டுத்துணி முழங்கையோடு தீர்ந்தது.
டேப் ஒட்டிய பெட்டியைப் பல்லால் கிழித்தேன்,
என் குளிர்கால ஸ்டாக்கிங்ஸ் மூன்று ஜோடி.
தக்காளிச் செடிக்கு ஊன்றிய கழியைப் பிடுங்கி
கையோடு சேர்த்துக் கட்டினேன்.
கடிபட்ட இடத்துக்கு மேலே
துணியில் ஒரு சுழி,
கையெழுத்துக்கென்று நான் கொண்டுவந்த பேனாவால்.

இனி அசையக் கூடாது, அவர் நடக்கவே கூடாது.
பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டிருங்கள்
என்றது தொலைபேசி.
பேசவா?
பதினாறு வருடத்தில் நாங்கள்
ஒரே இடத்தில் அசையாமல் இருந்தது
விமானத்தில்தான்.
ஆரஞ்சு விலையைச் சொன்னேன். மழையைச் சொன்னேன்.
உதடு மரத்துப்போகிறது என்றான்.
நாக்கு புழுப்போல் தானாக நெளிந்தது.
கை மயிர் எல்லாம் நட்டுக்கொண்டது,
சட்டை நனைந்தது, எச்சில் வழிந்தது.
பிறகு கண்ணீர்.

அவன் அப்பாவைப் புதைத்த அன்றும்
நான் பார்த்திராத கண்ணீர்.
துடைத்தேன், வந்தது. துடைத்தேன், வந்தது.

இருபத்தேழு நிமிடத்தில் ஆம்புலன்ஸ்.
கட்டை யாரும் தொடக் கூடாது,
மாற்றுமருந்து உள்ளே போகும் வரை
அதுதான் அவர் உயிர் என்றாள் காஸ்ஃபர்டில் நர்ஸ்,
என் பழைய ஸ்டாக்கிங்ஸைச் சுட்டி.
இரண்டு குப்பி. பிறகு இன்னும் இரண்டு.
முயல் ரத்தத்திலிருந்து எடுப்பது இது என்றாள்.
தோப்பில் இவன் சுட்ட முயல்களை
நான் எண்ணியதில்லை.

கண்ணீரும் விஷத்தின் வேலைதான், பயப்படாதீர்கள்,
மருந்து ஏறியதும் நின்றுவிடும் என்றாள்.

வியர்வை நின்றது.
எச்சில் நின்றது. நாக்கு அடங்கியது.
மயிர்க்கால்கள் ஒவ்வொன்றாய்ப் படுத்தன.
நர்ஸ் மேலிருந்து சுற்றுச் சுற்றாய்
நைலானைப் பிரித்துக்கொண்டு வந்தாள்.
நான் மட்டும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
மடியிலிருந்த ஜாம் பாட்டிலைப் பார்த்தேன்.
விஷம் கறக்கும் ஊர்வனப் பூங்காவுக்குப் போகவேண்டியது.
மூடி இறுக்கமாக இருக்கிறதா,
உள்ளே அது
அசைகிறதா என்று.