தொட்டால் திறக்கும்

கட்டபெட்டு ஃபேக்டரியில்
ஆடி மழைக்குத் தகரக்கூரை ஓயாமல் பேசும்.
அதற்குக் கீழே உட்கார்ந்து நான் எழுதியது ஒரு இஃப்.

இன்றைய வரவுப் பட்டியலில்
எந்த எண்ணைத் தொட்டாலும்
இருந்த இடத்திலேயே அது பெட்டியாகத் திறந்து
உள்ளே கர்சர் துடிக்க வேண்டும்,
மேனேஜர் அர்த்தநாரிக்கு மட்டும்.
அவருக்கும் மாலை ஆறு வரை.
இலை கொடுத்தவர்களுக்கு அந்த எண்
கல்.

ட்ரூ என்றால் நெகிழும். ஃபால்ஸ் என்றால் இறுகும்.
இதற்கு மூன்று நாள், பதினெட்டு டீ.

ஐந்து ஐம்பத்தெட்டு.
அர்த்தநாரியின் பெயரில் நானே நுழைந்து
சோதித்துப் பார்க்கிறேன்.
ஒரசோலை லச்சி, 41 கிலோ.
தொட்டேன், திறந்தது.
ஒன்றை அழித்தேன், சும்மா, அழிகிறதா என்று.
அந்த நேரம் பார்த்து
மூடுபனிக்குள் லாரி பின்னால் வர,
யாரோ ரைட் ரைட் என்று கத்த,
எட்டிப் பார்க்கத் திரும்பிய கையில்
மௌஸ் வேறெங்கோ சொடுக்கியது.

கவனம் விலகினால் சேமித்துவிடு:
அந்த வரியும் என்னுடையதுதான்.

லச்சி, 4 கிலோ.

ஆறு மணி ஒரு நிமிடம்.
தொடுகிறேன். கல்.
அர்த்தநாரி வந்து தொடுகிறார். கல்.
"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார்.
பாராட்டா என்று கேட்கவில்லை.

கன்சோலைத் திறந்து
அந்த ஒற்றை எண்ணுக்கு ட்ரூ என்று தட்டினால்
41 வந்துவிடும்,
என் திரையில்.
கண்ணாடியில் ஒட்டிய பொட்டு
நெற்றிக்கு ஏறுமா?

ஆறே காலுக்கு போன்.
"நாலு கிலோவா? என் சாக்கே அதவிட கனமிருக்கும்.
விரலால அமுக்கி அமுக்கிப் பாக்குறேன்,
அசைய மாட்டேங்குதே."
அது அப்படித்தாம்மா என்று சொல்ல வாயெடுத்தேன்.
அப்படி ஆக்கியது யார் என்று
நாக்கு நின்றுவிட்டது.

இரவு,
இரண்டு முறை கரண்ட் போய் வந்ததற்கிடையே
ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும்
ஒரு வெற்றுக் கட்டம் வைத்தேன்.
யார் இலையோ அவர் தொட்டால் திறக்கும்.
மணி கேட்காது.
மேனேஜர் தொட்டால் கல்.
அர்த்தநாரியிடம் இன்னும் சொல்லவில்லை.

காலையில் ஒரே ஒரு கட்டம் நிறைந்திருந்தது:

"41 இல்ல. 44.
ஈரம்னு மூணு கிலோ புடிச்சாங்க.
நேத்து காலைல மழையே இல்ல."