சாதாரண தரம்

ஊட்டி வேலைவாய்ப்பு அலுவலகத்தில்
கல்வித்தகுதி என்ற கட்டத்தின் மேல்
பேனாவை நிறுத்திக் காத்திருந்தார் எழுத்தர்.
மண்டபம் முகாமில் நனைந்து
மடிப்பில் விட்டுப்போன தாளை நீட்டினேன்.
உரக்கவே படித்தார்:
கல்விப் பொதுத் தராதரப் பத்திரம்,
சாதாரண தரம்.

"சாதாரணம்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க,
இதையா கப்பல்ல தூக்கிட்டு வந்தே?"
பக்கத்து மேசை சிரித்தது.
பத்தாவது மாதிரிங்க, என்றேன்.
மாதிரி என்ற சொல்லை அன்றுதான் முதலில்
அடுத்தவர் ஸ்வெட்டரைப் போல
மாட்டிக்கொண்டேன்.

தமிழ், விசேட சித்தி.
கணிதம், திறமைச் சித்தி.
சமூகக் கல்வி, சாதாரண சித்தி.
"யாரும்மா இத்தனை சித்தி?
அம்மா பேரைக் காணோமே!"
அங்கே சித்தி என்றால் பாஸ்.
இங்கே பாஸ் என்றால்தான் பாஸ்.
இரண்டும் தமிழ்தான்,
நடுவே மூன்று மணிநேரக் கடல்.

உயர்தரம் ஏதும் உண்டா என்றார்.
அது அடுத்த பரீட்சைங்க,
அதற்குள் பாஸ்போர்ட் வந்துவிட்டது.
கட்டத்தில் அவர் எழுதினார்:
படிக்கத் தெரியும்.

பஸ் நிலையத்துக்கு எதிரே
உயர்தர சைவ உணவகம்.
ஒரு டீ குடித்தேன்.
சாதாரண தரம்.

பிறகு சேரம்பாடி.
மழை, அட்டை, முதுகில் கூடை.
ஃபேக்டரியில் ஒருநாள் எட்டிப் பார்த்தேன்:
நாங்கள் பறித்ததைத் தூளாக்கிச்
சலித்துக்கொண்டிருந்தது யந்திரம்.
ஒரே செடியின் இலைதான்,
சல்லடையில் எந்தக் கண் வழியாக விழுகிறதோ
அந்தப் பெயர்.

ஆடி மாதம், இலை எடை போடும் நேரம்.
முப்பத்தாறு காட்டியது தராசு.
தாமோதரன் சீட்டில் எழுதியது
இருபத்தொன்பது.
சாக்குக்கு ஒன்று போனால் முப்பத்தைந்து,
ஈரக் கழிவு நூற்றுக்கு எட்டு,
அது ரெண்டு கிலோ எண்ணூறு,
முப்பத்திரண்டு இருநூறு வரணுமே, என்றேன்.

பேனாவை மூடினார்.
"உன் தராதரம் என்னன்னு தெரிஞ்சு பேசு."

தெரியுமே. சொன்னேன்:
கல்விப் பொதுத் தராதரம், சாதாரண தரம்.
எழுபத்தொன்பதாம் ஆண்டு, டிசம்பர்.
எட்டுப் பாடம். கணிதம் திறமைச் சித்தி.
சுட்டெண் வேண்டுமா?

வரிசையில் பாதிப்பேர் என் கப்பல்.
யாரும் சிரிக்கவில்லை.
அமலோற்பவம் அக்கா தன் சீட்டை நீட்டினாள்:
இதையும் பாரடி.
இருட்டும்வரை பதினேழு சீட்டு பார்த்தேன்.
யானை வரும் நேரம்தான்,
ஒருத்தியும் போகவில்லை.

அன்றிலிருந்து லைனில் என் பெயர் தராதரம்.
"தராதரம், தண்ணி வந்துருச்சு."
"தராதரம் வீட்டுல கோழி முட்டை இருக்கா?"
ஓய்வுபெறும் வரை தாமோதரன் மட்டும்
யோகராணி என்றே கூப்பிட்டார்,
ரொம்ப மரியாதையாக.

நேற்று பந்தலூர் கணினி மையத்தில்
ஓய்வூதியத்துக்கு ஒரு படிவம்.
கல்வித்தகுதிப் பட்டியலைக்
கீழே கீழே இழுத்துப் பார்த்தான் பையன்.
நான் படித்தது அதில் இல்லை.
"மற்றவைன்னு போடட்டுமா?"

போடு, என்றேன்.
அதை அங்கே
ஏனையவை என்போம்.