கொடியைப் புதைக்கும் வாரம்

உர்கெஞ்சில் நவம்பர் பிறந்தால்
திராட்சையைப் படுக்கவைக்க வேண்டும்.
கம்பியிலிருந்து அவிழ்த்து
அவசரமாக வளைத்தால்
நறுக்கென்று முறியும் வயது அதற்கு.
மத்ரசூல் தண்டின்மேல் முழங்காலை ஊன்றி
மெல்ல, மெல்ல என்றார்.
கொடியிடமா என்னிடமா, தெரியவில்லை.
பள்ளத்தில் வைக்கோல், பழைய கோணி,
மேலே ஒரு முழம் மண்.
மண்வெட்டியின் முதுகால் தட்டி முடித்ததும்
அந்த மேடு எதைப்போல் இருந்தது என்று
இருவருமே சொல்லவில்லை.

அன்று மாலைதான் வீட்டுச் சாவியைக் காணோம்.
கோட்டுப் பை, மாவு டின், கோழிக் கூண்டு,
பிறகு சண்டை,
பிறகு சுத்தியல்.
புதுப் பூட்டு எழுபதாயிரம் சோம்.
பனிக்காலம் முழுக்கச் சொல்லிக்காட்டினேன்.

மார்ச்சில் இரண்டு நாள் வெயிலை நம்பி
பக்கத்து வீட்டு ஒய்ஜமால் தோண்டிவிட்டாள்.
மூன்றாம் இரவு உறைபனி.
அவள் கொடியின் மொட்டெல்லாம்
அணைந்த தீக்குச்சித் தலை.
நாங்கள் ஆப்ரிகாட் பூ உதிரும்வரை பொறுத்தோம்.

மண்வெட்டி மொட்டைச் சீவிவிடும் என்று
கடைசி அடுக்கைக் கையால் தள்ளினோம்.
ஈரக் கோணியின் மடிப்பில்
பல்லெல்லாம் துருவேறி
சாவி.

அவர் அதைச் சட்டையில் துடைத்தார்,
ஏதோ இன்னும் திறக்கப்போவதைப்போல.
நான் காய்ந்த கிளையை வெட்டினேன்.
வெட்டிய வாயில் தண்ணீர் கசிந்து
சொட்டியது,
உயிர் இருக்கிறது.

தொய்ந்த கயிற்றின் நுனியில்
சாவியைக் கட்டித் தொங்கவிட்டார். எடைக்கு.

எழுபதாயிரம், என்றேன்.
பழக்க தோஷம்.