மடிப்புக்குள் இரண்டு அங்குலம்

முதலில் செருப்புதான்.
சாட்ஸ்வொர்த், யூனிட் ஏழின் படிக்கட்டில்
நாலாம் படியில் கிடந்தது இடது கால் செருப்பு.
பதினோராம் படியில் நின்றுகொண்டு
பிரெவாஷன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.
கழன்றது அவனுக்குத் தெரியவில்லை.
திட்டினேன்.
அந்தத் திட்டு இன்னும் என் வாயிலேயே இருக்கிறது.

பிறகு இரவுகள்.
படுத்தால் முதுகு வலிக்கிறதென்று
உட்கார்ந்தே தூங்கினான், ஆறு வயதில்,
கடைசி பஸ்ஸில் வீடு திரும்பும் ஆளைப் போல.
புத்தகப் பை கனம் என்றார் ஒரு டாக்டர்.
வளர்கிற வலி என்றார் இன்னொருவர்.
பக்கத்து வீட்டு ருக்கு கற்பூரம் சுற்றிப் போட்டாள்.
ஐந்து மாதம் போயிற்று.

ஸ்கேன் குழாயிலிருந்து வெளியே வந்து
"உன் ஃபேக்டரி மாதிரியே சத்தம்மா" என்றான்.
படத்தைப் பார்த்தேன்.
பைஜாமாவில் கோத்த நாடா
நடுவழியில் முடிச்சு விழுந்து பருத்திருப்பது போல
அவன் தண்டுவடம்.

அபூர்வம் என்றார் டாக்டர் உம்கீசே.
அந்தச் சொல்லை அதுவரை
நல்லதற்கென்றே வைத்திருந்தேன்.
நூறு பிள்ளைகளில் எண்பது பேர்
ஐந்தாண்டு தாண்டுவார்கள் என்றார், தைரியம் சொல்லத்தான்.
எங்கள் லைனில் நூறு சட்டைக்கு இருபது கழிந்தால்
சூப்பர்வைசர் மெஷினை நிறுத்திவிடுவான்.

ஒன்பது மணி நேரம்.
தூங்குகிறவனின் கால்களில் கம்பி கட்டி
கால்களோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தார்களாம்.
ஓரிடத்தில் இடது கால் பதில் சொல்லத் தயங்கியது.
அங்கேயே கையை எடுத்துவிட்டார் டாக்டர்.
ஓர் அரிசியளவு உள்ளே இருக்கிறது.
எடுத்திருக்கலாம்,
காலையும் சேர்த்து.

கட்டுப் பிரித்த அன்று எண்ணினேன்:
பத்தொன்பது தையல்.
இருபத்திரண்டு வருஷம் மெஷினில் உட்கார்ந்தவள் நான்.
இழுப்பு சீராக இருந்தது.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
கழிவறைக்குப் போய் அழுதேன்.

கம்பிகளுக்கு நடுவே அவனை நிறுத்தி
சிஸ்டர் தண்டேக்கா ஜூலுவில் எண்ணுவாள்.
கூன்யே. கூபிலி.
மூன்றுக்கு முன் உட்கார்ந்துவிடுவான்.
அடுத்த கட்டில் நொம்புலேலோ
மிச்சத்தை அவனுக்காக எண்ணி முடிப்பாள்,
படுத்தபடியே, பத்து வரை.
ஒரு திங்கட்கிழமை
அவள் கட்டிலில் புது விரிப்பு.
வீட்டுக்குப் போய்விட்டாளா என்று நான் கேட்கவில்லை.
கேட்காததற்கு யாரும் என்னை மன்னிக்க வேண்டாம்.

இப்போது ஒன்பது வயது.
இடது ஷூ மட்டும் வெளி ஓரத்தில் தேய்கிறது.
ஜூலையில் அரிசி அரிசியாகவே இருந்தது.
இனி நவம்பரில் பார்ப்பார்கள்.

பள்ளிக் கால்சட்டை தைக்கிறேன்.
இடது காலில் பட்டைக்கூடு நுழையக் கொஞ்சம் அகலம்.
கீழே இரண்டு அங்குலம் உள்ளே மடித்து
பிரிக்கச் சுலபமாய்ப் பெரிய பெரிய தையல்.
"எதுக்கும்மா இவ்வளவு?"
வாயில் குண்டூசி,
அசையாமல் நில் என்று கையால் காட்டுகிறேன்.

நிற்கிறான்.