அதிகம்

மீன்தூள் ஆலையின் நாற்றத்துக்கும்
தால்காவானோ துறைமுகத்தின் மழைக்கும் நடுவே
எங்கள் அச்சகம். எனக்கு இரவுப் பணி.
பிஸ்கட் உறை, தயிர்க்கிண்ண மூடி, சோளப்பொரிப் பெட்டி,
எது வந்தாலும் வலது மேல் மூலையில்
எட்டு முனைக் கறுப்பு விழவேண்டும். சட்டம்.
சர்க்கரை அதிகம்.
கொழுப்பு அதிகம்.
கலோரி அதிகம்.
கறுப்பு முழுக்கறுப்பாக இருக்கவேண்டும்.
ஊசிமுனை வெள்ளை தெரிந்தாலும்
கட்டோடு கழித்துவிடுவார் தோன் எலெயுத்தேரியோ.

நான் அந்தக் கறுப்பின் கட்சி.
அண்ணன் நிபால்தோவின் இடது பாதத்தைச்
சர்க்கரை கொண்டுபோனபோது
அவனுக்கு நாற்பத்தொன்று.
அதுவரை அவன் குடித்துத் தீர்த்த
எந்தப் போத்தலும் அவனிடம்
ஒரு வார்த்தை சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை
பள்ளிக்கு எடை இயந்திரம் வந்தது.
காலுறையோடு ஏறு. அசையாதே. இறங்கு.
எண்ணை ஒருத்தி சொல்ல ஒருத்தி எழுதினாள்.
வரிசையில் நின்ற இருபத்தாறு பேருக்கும் காது இருந்தது.
மறுநாள் பைக்குள் மடித்த கடிதம்.
அன்புள்ள பெற்றோரே, என்று தொடங்கி
வளைந்தேறும் ஒரு கோடு,
கோட்டுக்கு மேலே தனியாக ஒரு புள்ளி.
அந்தப் புள்ளிதான் ஆயிலின்.
வயது ஒன்பது.
தவளை கத்தினால் எந்தத் தவளை என்று சொல்லுவாள்.
கடலில் என்னைவிட நேரம் மூச்சடக்குவாள்.
அதெல்லாம் அந்த எண்ணுக்கு எட்டாது.

சனிக்கிழமை வெகுநேரம் தண்ணீர் ஓடியது.
கேஸ் தீர்ந்துவிடுமே என்று கதவைத் தள்ளினேன்.
வயிற்றில் இரண்டு.
தொடைக்கு ஒன்று.
மேற்கையில் ஒன்று, கோணலாக.
காலிப் பெட்டிகளிலிருந்து வெட்டியிருக்கிறாள்,
எட்டு முனையும் பிசகாமல்.
(என் மகள்தான், சந்தேகமே வேண்டாம்.)
பள்ளிப் பசை. நனைந்து ஓரங்கள் சுருண்டிருந்தன.
மை கரையவில்லை.
கரையாத மைதான் அது. கலக்கிய கைக்குத் தெரியாதா?

"சும்மா விளையாட்டுக்கு" என்றாள்.
சமையல் எண்ணெயைச் சூடாக்கி வந்து
தரையில் உட்கார்ந்தேன்.
தோல் உரியாமல் தாள் உரிய
ஒன்றுக்குப் பத்து நிமிடம்.
இருவரும் பேசவில்லை. கூரையில் மழை.
நான்காவதை உரிக்கும்போது கேட்டாள்:
"அம்மா, உனக்குன்னா எங்க ஒட்டுவ?"

எனக்கு எதுக்கு, என்று வாய் திறக்கும் முன்பே
கை போய்விட்டது.
எண்ணெய் வழிய, அடிவயிற்றுக்கு, நேராக,
இருட்டில் வீடு திரும்பும் பூனைபோல.

அவள் பார்த்தாள்.
விடை சரி என்பதுபோலத் தலையாட்டினாள்.

அப்போதுதான் வரிசையாக நினைவு வந்தது.
கண்ணாடி முன் பக்கவாட்டில் திரும்பி
மூச்சை உள்ளிழுத்து நின்ற காலைகள்.
பாதி ரொட்டியைப் பைக்குள் திருப்பிப் போட்டது.
போட்டோ என்றதும் இவளை முன்னால் நிறுத்தி
இவளுக்குப் பின்னால் ஒளிந்தது.
என் மேல் அச்சடித்தபோது சட்டமில்லை, உறையில்லை.
யார் மை கலக்கினார்களோ.
இவள் வாசிக்கப் பழகியது
பெட்டிகளில் அல்ல.

ஐந்தாவது முழுதாக வரவில்லை.
மேற்கையில் 'அதிகம்' மட்டும் தங்கிவிட்டது.
எது அதிகம் என்பது எண்ணெயோடு போய்விட்டது.

திங்கள் காலை முழுக்கைச் சட்டை கேட்டாள்.
நல்ல வெயில்.
எடுத்துக் கொடுத்தேன்.

அன்றிரவு சாக்லேட் உறை, எண்பதாயிரம்.
உருப்பெருக்கியைத் தாளில் வைத்து நகர்த்துகிறேன்.
'கலோரி'க்குக் கீழே
கறுப்புக்குள் ஒரு பொட்டு வெள்ளை.
"என்ன?" என்றார் எலெயுத்தேரியோ.
"ஒரு புள்ளி."
"கழி."
கட்டைக் கழித்தேன்.
அந்த ஒரு தாளை மட்டும், எதற்கென்று தெரியவில்லை,
மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.
இயந்திரச் சூடு ஆறாமல்
விடியும்வரை
அது என் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது.