துணைக்கு

விடுதியில் சேர்ந்த அன்றே
பதினேழாம் அறை அக்காக்கள் அவளைப் பற்றிச் சொன்னார்கள்.
இரண்டு பேட்ச் முன்னால். விலங்கியல்.
தெப்பக்குளத்துப் பக்கம், ஏழே முக்கால் மணி,
சிவப்புச் சுடிதார்.

மெஸ்ஸில் சாம்பார் ஊற்றும் பஞ்சவர்ணத்துக்கும் அவளைத் தெரியும்.
தெப்பக்குளம் இல்லையாம், ஆரப்பாளையமாம்.
துப்பட்டா போடவில்லையாம்.

வார்டன் சொல்லும்போது அவள் கையில் போன் முளைத்தது.
சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே போனாள், யாரோடோ.
அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்தபோது
அவள் ஊரே கோயம்புத்தூராகியிருந்தது.
கீழே இரண்டு கைகள் கும்பிட்டன,
பத்துப் பேருக்கு அனுப்பவும்.

ஒருவரும் அவளைப் பார்த்ததில்லை.
பெயர் கேட்டால் 'பேரு எதுக்குடி ஒனக்கு' என்பார்கள்.
சிம்மக்கல்லில் பஸ் மாறும்போது
அவள் நடையைத்தான் நடக்கிறேன்.
கல்பாலத்தில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால்
திரும்புவது அவள் கழுத்து.

போன வாரம் முதலாமாண்டு யாழரசிக்கு நானே சொன்னேன்,
சுடிதாரை மஞ்சளாக்கி.
ஏன் மஞ்சள் என்று ராத்திரிதான் உறைத்தது.
அன்று நான் உடுத்தியிருந்தது மஞ்சள்.

பாதுகாப்புக் கருத்தரங்கில் ஒரு மேடம்
ஆளுக்கொரு விசில் கொடுத்தார்.
அந்த இரண்டு மணி நேரமும் பையன்களுக்கு வகுப்பில்லை.
ஜன்னலுக்கு வெளியே யாரோ அவுட் ஆனார்கள்.

வெள்ளிக்கிழமை
மேலூரில் இறங்கும்போது இருட்டிவிடும்.
'தனியா வந்துராத, காலம் கெட்டுக் கெடக்கு,
தொணைக்கு அத்தான அனுப்புறேன்.'

அத்தான் அரைமணி முன்னாலேயே வந்து நிற்பார்.
டீ வாங்கித் தருவார்.
கால்வாய்க் கரையோடு நாலு கிலோமீட்டர்,
பள்ளம் வந்தால் பிரேக்,
பள்ளம் இல்லாத இடத்திலும்
பிரேக்.

புத்தகப் பையை நடுவில் வைத்துக்கொள்கிறேன்.
ரெக்கார்டு நோட்டு, அழுக்குத் துணி,
காலி டிபன் டப்பா, அதற்குள் உருளும் விசில்.
'அதத் தூக்கி முதுகுல மாட்டேன்' என்கிறார்,
வாரா வாரம்.

எத்தனை பேர் சொல்லியும்
அவள் கதையில் இந்த ரோடு வந்ததில்லை.
இந்த பைக் வந்ததில்லை.

வாசல் லைட்டைப் போட்டுவிட்டு அம்மா நிற்கிறாள்.
நான் இறங்குகிறேன், பையை இறக்காமல்.
'நீங்க இருக்கப் போயி நிம்மதி, மாப்ள' என்கிறாள்,
அவருக்குக் காப்பி கலக்க
உள்ளே போய்க்கொண்டே.