குடையும் நங்கூரமும்

இரண்டாம் குறுக்குத் தெருவிலிருந்து
தவநேசன் அனுப்பிய கோப்பு.
கடை பிரிந்தாயிற்று,
இனிச் சின்னமும் பிரிய வேணுமாம்.
குடை அவருக்கு.
நங்கூரம் முபாறக் ஹாஜியாருக்கு.
"ஒரு கிளிக் தானே, தங்கச்சி?"

ஒரு கிளிக் தான்,
குழுவாய்க் கட்டி வைத்திருந்தால்.
இதை வரைந்தவன் எவனோ
இரண்டையும் உருக்கி ஒன்றாய் ஊற்றியிருக்கிறான்.
குடைப்பிடியின் வளைவும்
நங்கூரக் கையின் வளைவும்
ஒரே கோடு.

பாதையை உடைக்கச் சொன்னேன்.
நங்கூரத் தலையில் இருந்த வளையம்
சட்டென்று கறுத்து அடைத்துக்கொண்டது.
ஓட்டை என்று நான் நினைத்ததும்
ஒரு தனி உருவமாம்.
சேர்ந்திருக்கும் வரைதான்
அதற்குள்ளால் பின்பக்கம் தெரியும்.

வெளியே ஆமர் வீதியில்
கொட்டாஞ்சேனை கொட்டாஞ்சேனை என்று
பஸ் ஒன்று கத்திக்கொண்டு போகிறது.
பால்தேத்தண்ணி ஆடை கட்டிவிட்டது.

துணி, தராசு, மேசை, வாடகை முற்பணம்
எல்லாம் எழுதிய லோயர்
இந்த வளைவை எழுதவில்லை.
நகல் எடுத்தேன்.
ஒன்றைக் குடைக்குக் கொடுத்தேன்,
மற்றதை நங்கூரத்துக்கு.
வெட்டுப்பட்ட இடங்களில்
புள்ளி புள்ளியாய் இழுத்து
ஒருபோதும் இருந்திராத விளிம்பை
ஊகத்தில் மூடினேன்.
கறுத்த வட்டத்தைத் திரும்பவும் சேர்த்தேன்,
ஓட்டையாக.

இரவு ஒன்பதரைக்கு ஹாஜியாரின் அழைப்பு.
"நல்லாயிருக்கு, மகள்.
ஏன் கொஞ்சம் சாய்ஞ்சு நிக்குது?"

முந்தியும் சாய்ந்துதான் நின்றது.
குடை மறைத்திருந்தது.